ஏழு இடம் என்று விற்றீர்கள், மூன்றைத்தான் காட்டினீர்கள்: ‘ஒரே நாளில் ஊட்டி’ குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: 2025 மே 17 சனிக்கிழமை ஊட்டிச் சுற்றுலாவில் நடந்த குளறுபடிகள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

அன்று காலை கோவை காந்திபுரத்திலிருந்து கிளம்பிய உங்கள் ‘ஒரே நாளில் ஊட்டி’ வண்டியில் நாங்கள் ஐந்து பேர் வந்தோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். தலைக்கு 1,650 ரூபாய், அதற்கு மேல் ‘இ-பாஸ் மற்றும் சோதனைச்சாவடிக் கட்டணம்’ என்று தலைக்கு 150, ஆக மொத்தம் 9,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டீர்கள். ஊர் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் என்னங்க இது என்று கேட்டதற்கு, ‘சீசன் டிராஃபிக் எங்கள் கையில் இல்லை சார், புரிந்துகொள்ளவும்’ என்று கும்பிடு பொம்மையோடு ஒரு வரி போட்டு முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ள முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 150 ரூபாய். நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான அனுமதிச் சீட்டான இ-பாஸ் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி என்று விவரம் கொடுத்தால் வந்துவிடும், ஒரு பைசா கட்ட வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிற விஷயம் இது. இலவசமாகக் கிடைப்பதற்கு எங்கள் ஐந்து பேரிடம் மட்டும் 750 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள், வண்டி முழுக்கக் கணக்குப் போட்டால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சரி, எடுத்துக்கொடுக்கும் கூலி என்றே வைத்துக்கொள்வோம், அதையாவது ஒழுங்காக எடுத்தீர்களா?

கல்லாறு சோதனைச்சாவடியில் ஓட்டுநர் பாஸைக் காட்டியபோதுதான் கூத்து தெரிந்தது. பாஸில் இருந்தது ஒரு வண்டி எண், நாங்கள் உட்கார்ந்திருந்தது வேறு வண்டி. முந்தின நாள் இரவு வண்டியை மாற்றியிருக்கிறீர்கள், பாஸை மாற்றவில்லை. வண்டி எண்ணை வைத்துத்தான் பாஸே தருகிறார்கள் என்பது சுற்றுலா நடத்தும் உங்களுக்குத் தெரியாதா? ஓட்டுநர் பாவம், உங்கள் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டார், காலை ஏழு மணிக்கு யாரும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையோரம் நின்றோம். நீலகிரிப் பதிவு வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன, அவற்றுக்கு இந்தப் பாஸ் பிரச்சினையே இல்லை. பேருந்திலேயே ஏறியிருந்தால் அந்நேரம் குன்னூரில் டீ குடித்துக்கொண்டிருப்போம் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார், எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

அதே இடத்தில் இன்னொன்று. வண்டியில் ஏறும்போது ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் ‘இலவசம்’ என்று கொடுத்தீர்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டில். நீலகிரியில் அவை தடை செய்யப்பட்டவை. வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள், மலைமேல் ஆங்காங்கே தண்ணீர் ஏடிஎம் கூட வைத்திருக்கிறார்கள். சோதனையில் பாட்டில்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போட்டார்கள். ஓட்டுநர் கையைப் பிசைந்தார். அலுவலகம் போனை எடுக்காததால் பயணிகளே பங்கு போட்டுக் கட்டினோம். எங்கள் பங்கு 200 ரூபாய். நீங்கள் கொடுத்த பாட்டிலுக்கு நாங்கள் அபராதம் கட்டிய ரசீதைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, கொண்டை ஊசி வளைவு என்றால் குமட்டும். பதிவு செய்யும்போதே முன்வரிசை வேண்டும் என்று கேட்டு, ‘உறுதி’ என்று நீங்கள் அனுப்பிய செய்தியும் என்னிடம் இருக்கிறது. கிடைத்தது கடைசி வரிசை, சக்கரத்துக்கு மேல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டால் அவருக்கும் அதே ‘உறுதி’ வந்திருக்கிறது. பர்லியார் தாண்டுவதற்குள் அம்மா மூன்று பிளாஸ்டிக் பை கேட்டார், பையும் வண்டியில் இல்லை, அதுவும் தடைதான் என்பது வேறு விஷயம். கடைசியில் ஓட்டுநர் தன் பக்கத்து இருக்கையில் இருந்த உங்கள் வழிகாட்டியை எழுப்பிவிட்டு அம்மாவை அங்கே உட்கார வைத்தார். மலையேறும்போது ஏசியை நிறுத்தியதற்கெல்லாம் நான் புகார் சொல்லவில்லை, அது எல்லா வண்டியிலும் நடப்பது.

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் இருபது நிமிடம். இறங்கி, கழிவறை வரிசையில் நின்று, திரும்பி வந்தால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

அப்புறம் மலை ரயில். உண்மையில் இதற்காகத்தான் என் பிள்ளைகள் வந்தார்கள். உங்கள் விளம்பரத்தில் நீராவி என்ஜின் புகை விட்டுக்கொண்டு போகிற படம், கீழே ‘குன்னூர் – ஊட்டி மலை ரயில் பயணம் உட்பட’ என்று பெரிய எழுத்தில். நீராவி என்ஜினும் பல்சக்கரத் தண்டவாளமும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பக்கத்தில்தான். குன்னூருக்கு மேலே வழக்கமாக ஓடுவது டீசல் என்ஜின். படமே ஏமாற்று என்றாலும் பரவாயில்லை, டீசல் வண்டியில் ஏறி வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று போயிருந்தாலும் பிள்ளைகள் குதித்திருப்பார்கள். 1908-ல் ஊட்டி வரை வந்து, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயிலுக்கு மே மாதத்துச் சனிக்கிழமையில் போய் நின்று டிக்கெட் கேட்கிறார் உங்கள் வழிகாட்டி! முன்பதிவு திறந்ததும் காலியாகிவிடும் டிக்கெட் அது. கவுன்ட்டரில் கேட்டுவிட்டு வந்து கையை விரித்தார். அதாவது எங்களிடம் பணம் வாங்கிய நாளில் உங்களிடம் ஒரு டிக்கெட் கூட இல்லை, எடுக்கும் எண்ணமும் இருந்ததில்லை. இதில் டிராஃபிக் எங்கிருந்து வந்தது என்று விளக்குங்கள்.

ஊட்டிக்குள் நுழையும்போது மணி ஒன்று. சீசனில் சுற்றுலா வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, சுற்றுப் பேருந்தில் அனுப்புவது எல்லா வருடமும் நடப்பதுதான். அந்தப் பேருந்துக் கட்டணமும் எங்கள் கையிலிருந்து. ‘சுடச்சுட சைவ சாப்பாடு’ என்று போட்டிருந்தது மூன்று மணிக்கு எலுமிச்சை சாதப் பொட்டலமாக வந்தது, காலையில் கோவையிலேயே கட்டியது, ஊட்டிக் குளிரில் சோறு விறைத்துக் கிடந்தது.

தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. நுழைவுச் சீட்டு தொகைக்குள் அடங்கும் என்றிருந்தீர்கள், வாசலில் ‘கண்காட்சி ரேட் தனி சார்’ என்று கூடுதல் பணம் கேட்டார் வழிகாட்டி. கண்காட்சித் தேதி முன்னாலேயே அறிவிக்கப்பட்டது, அதைச் சொல்லித்தான் நீங்கள் விளம்பரமே செய்தீர்கள். கொடுத்த நேரம் முக்கால் மணி. 1848-ல் தொடங்கிய அந்தப் பூங்கா 22 ஹெக்டேர், மலைச்சரிவில் மேலே மேலே ஏறிப் போவது. அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கீழ்ப் புல்வெளியைத் தாண்டவே நேரம் போய்விட்டது. இரண்டு கோடி வருடம் பழையது என்கிற கல்லாகிப்போன மரத்தைப் பார்க்க வேண்டும் என்று பையன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பார்க்கவில்லை.

ரோஜா பூங்காவை ‘நேரமில்லை’ என்றும் படகு இல்லத்தை ‘வரிசை அதிகம்’ என்றும் தள்ளிவிட்டார்கள். வரிசை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரமில்லாத அதே மாலையில் தேயிலைத் தொழிற்சாலை என்ற பெயரில் ஒரு கடையில் ஒரு மணி பத்து நிமிடம் நிறுத்தினீர்களே, அது எப்படி? இயந்திரம் ஓடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து பெல்ட்டைக் காட்டி, சின்னக் காகிதக் கப்பில் ஏலக்காய் டீ கொடுத்து, நேரே விற்பனைக் கூடத்துக்குள் விட்டார்கள். சாக்லேட், தைலம், வர்க்கி, டீத்தூள். பில் போடும் மேஜையில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் எங்கள் வண்டி எண்ணைக் கேட்டு அதில் எழுதிக்கொண்டார் காசாளர். கிளம்பும் முன் வழிகாட்டி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, கூட்டி, ஒரு சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, ‘அப்பா, அவருக்கு எதுக்குங்கப்பா மார்க் போடறாங்க?’ என்றாள். கமிஷன் வாங்குவது ஊரில் இல்லாத வழக்கம் இல்லை. ஆனால் ஏரியில் படகு விட வேண்டிய எங்கள் நேரத்தை விற்று வாங்கிய கமிஷன் அது.

தொட்டபெட்டாவும் அதனால்தான் போனது. சீசனில் குன்னூர் வழியே ஏற வேண்டும், கோத்தகிரி வழியே இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். தொட்டபெட்டா பிரிவு அந்தக் கோத்தகிரி சாலையில்தான் இருக்கிறது. நாங்கள் அதைத் தாண்டும்போது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கடையில் நிற்காமல் வந்திருந்தால் 2,637 மீட்டர் உயரத்தில், நீலகிரியின் உச்சியில் பத்து நிமிடமாவது நின்றிருப்போம். ‘அதோ அந்தப் பக்கம்தான் தொட்டபெட்டா’ என்று இருட்டைக் காட்டினார் வழிகாட்டி. அதையும் பார்த்த இடங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

இரவு ஒன்பதுக்குக் காந்திபுரம் என்றிருந்தது, இறக்கிவிட்டது பதினொன்றேகாலுக்கு. திருப்பூருக்கு வாடகைக் கார் பிடித்துப் போனோம்.

இப்போது உங்கள் ‘டிராஃபிக்’ பதிலுக்கு வருகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். ஒருவழிப் பாதை, ஊருக்கு வெளியே வண்டி நிறுத்தம், மலர்க் கண்காட்சி, எல்லாமே முன்கூட்டித் தெரிந்தவை. திடீரென்று மண்சரிவு வந்து பாதை அடைத்துக்கொண்டால் நானே வாயைத் திறக்க மாட்டேன். மே மாதத்துச் சனிக்கிழமையில் கோவையிலிருந்து போய்த் திரும்பும் ஒரு நாளுக்குள் இரண்டு மூன்று இடம்தான் அடங்கும் என்பது தினமும் வண்டி விடுகிற உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏழு என்று அச்சடித்தால் அதற்குப் பெயர் டிராஃபிக் இல்லை. மூன்று இடம், ரயில் இல்லை, விலை இவ்வளவு என்று சொல்லியிருந்தால் கூட வந்திருப்போம், யோசித்துத்தான் வந்திருப்போம்.

கேட்பது இதுதான். இ-பாஸ் என்று வாங்கிய 750 ரூபாய். அபராதத்தில் எங்கள் பங்கு 200. ஏழில் ரயில், தொட்டபெட்டா, ரோஜா பூங்கா, படகு நான்கும் கிடைக்காததால் 8,250-ல் ஏழில் நான்கு பங்கு, 4,714 ரூபாய், பைசாவை விட்டுவிட்டேன். ஆக 5,664 ரூபாய். சாப்பாட்டுக்கும் வாடகைக் காருக்கும் கணக்குப் போடவில்லை. ஓட்டுநர் மீது இதில் எந்தப் புகாரும் இல்லை, அன்று எங்களை மனுஷர்களாக நடத்தியது அவர் ஒருவர்தான். இந்தத் தொகையை அவர் சம்பளத்தில் பிடித்ததாகத் தெரிந்தால் அதற்கும் தனியாக எழுதுவேன்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் விளம்பரம், பணம் கட்டிய ரசீது, ‘உறுதி’ செய்தி, பழைய வண்டி எண் உள்ள பாஸ், அபராத ரசீது எல்லாவற்றையும் இதனுடன் இணைத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமைக்கும் அதே ஏழு இடங்களோடு, அதே நீராவி என்ஜின் படத்தோடு விளம்பரம் போட்டிருப்பதை நேற்றுப் பார்த்தேன். அதை முதலில் எடுங்கள். பணத்தை நான் கட்டிய அதே ஜிபே எண்ணுக்கு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
மே 17 வண்டியின் கடைசி வரிசைப் பயணி, திருப்பூர்
(பெயரும் பதிவு எண்ணும் இணைப்பில் உள்ள ரசீதில் இருக்கின்றன)