தமிழ்நாட்டு அரசியல் கட்சித் தலைவர்களுக்கு: யார் பணம் கொடுத்தார்கள் என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர்களே, வணக்கம்.

பெரிய நிறுவனங்களிடம் நீங்கள் வாங்கும் நன்கொடை பற்றி எழுதுகிறேன். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் உங்கள் எல்லோருக்கும்தான் எழுதுகிறேன்.

2017 வரை ஒரு நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதையும் கணக்கில் காட்ட வேண்டும். அந்த ஆண்டு வந்த நிதிச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்கூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை என்று ஆனது. 2018-இல் தேர்தல் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன; வங்கியில் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கலாம்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தப் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தார்கள். நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுக்கும் பணம், பதிலுக்கு ஆதாயம் எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரம் என்று தீர்ப்பில் வெளிப்படையாகவே எழுதினார்கள். பத்திரங்களை யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பெற்றது என்ற விவரங்களைத் தரும்படியும் உத்தரவிட்டார்கள். அதற்கு ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, பத்திரங்களை விற்ற பாரத ஸ்டேட் வங்கி. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்திருக்கும்! நல்லவேளை, நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்புறம்தான் பட்டியல் வந்தது. அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு, அதைவிட அதிகம் திரிணமூல் காங்கிரசுக்கு. பாஜகவோ பத்திரம் வாங்கிய எல்லோரிடமிருந்தும் சேர்த்து 6,000 கோடிக்கு மேல் பெற்றிருந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. இங்கே ஒரு சீட்டுகூட விற்க முடியாத நிறுவனம் இங்குள்ள கட்சிக்கு ஏன் இவ்வளவு கொடுக்கிறது? தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2024 மார்ச் வரை இந்தக் கேள்வியைக் கேட்கவே வாக்காளருக்கு வழியில்லாமல் இருந்தது.

திமுகவும் அதிமுகவும் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தன. அதைப் பாராட்டுகிறேன். மனம் வைத்தால் சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

பத்திரம் போய்விட்டதே, இனி என்ன என்று நினைக்க வேண்டாம். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் பட்டியலை நிதியாண்டு முடிந்த பிறகுதான் ஆணையத்திடம் தருகிறீர்கள். நமது சட்டமன்றத் தேர்தல் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. தேர்தலுக்கு முன் ஏப்ரலில் வாங்கும் பணம் புதிய நிதியாண்டில் சேர்ந்துவிடும். ஊருக்குத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆட்சி அமைந்து, நில ஒதுக்கீடும் டெண்டரும் நடந்துவிடும். நிறுவனங்களிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியாக வரும் பணத்திலோ, எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதே தெளிவாகத் தெரிவதில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். நிறுவனங்கள் தரும் ஒவ்வொரு நன்கொடையையும், வந்த முப்பது நாளுக்குள் உங்கள் இணையதளத்தில் தமிழில் போடுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அன்றன்றே போடுங்கள். நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி மூன்றும் இருந்தால் போதும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. உங்கள் பொருளாளர் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

உங்களில் யார் முதலில் செய்வீர்கள் என்று கேட்டுக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்