அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள சுமதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டியில் ஊசி போட்டாயிற்று, பெரியவன் டிரைவிங் டெஸ்ட் பாஸ். மற்ற கதையெல்லாம் அப்புறம். உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸுக்கு இருபதாயிரம் டாலரா? ஒன்பது மாதத்துக்கா? நம் வார்டனம்மா காதில் விழுந்திருந்தால் மெஸ் கார்டைப் பிடுங்கியிருப்பார்.

நீ மறுபடி படிக்கக் கிளம்பியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மைக்ரோபயாலஜியில் எங்களுக்கெல்லாம் ரெக்கார்ட் நோட்டு வரைந்து கொடுத்தவள் இத்தனை வருடம் கடையில் பில் போட்டதே போதும். அதனால்தான் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை அந்தத் தனியார் இன்ஸ்டிட்யூட்டில் கையெழுத்துப் போடாதே.

எங்கள் கிளினிக்கில் பக்கத்து அறைப் பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கும் எனக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே வேலை: பிபி பார்ப்பது, இசிஜி ஒட்டுவது, ஊசி போடுவது. சம்பளமும் ஒன்றுதான். நான் படித்தது கம்யூனிட்டி காலேஜ், அதாவது கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி; அவள் படித்தது நீ சேரப்போவது போன்ற ஓர் இடம். இன்டர்வியூவில் எங்களிடம் சர்டிஃபிகேட்டைக் கேட்டார்களே தவிர, எவ்வளவு கட்டிப் படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. தவணை போனதாக மெசேஜ் வரும் நாளில் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். மதியம் சாப்பிட வெளியே கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

கணக்கைப் பார். இருபதாயிரத்தைக் கடனாக வாங்கி 6.5 சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதம் 227 டாலர், மொத்தம் இருபத்தேழாயிரத்துக்கு மேல். அதுவும் முழுக்க அரசுக் கடனாகக் கிடைக்காது. உன்னைப் போல் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு முதல் வருடம் அரசு தருவது அதிகபட்சம் 9,500. மீதியைத் தனியார் கடனாகத் தலையில் கட்டுவார்கள். அதில் வட்டியும் கூடுதலாக இருக்கலாம், வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைத்துக்கொள்ளும் அரசுத் திட்டங்களும் அதற்குப் பொருந்தாது. பெல் கிராண்ட், அதாவது திருப்பிக் கட்டவேண்டாத அரசு உதவிப் பணம், வரும் என்று அந்த அட்மிஷன் ஆள் சொன்னாராமே, உன் பி.எஸ்ஸி.யைப் பற்றிக் கேட்டாரா? அது இன்னும் டிகிரி வாங்காதவர்களுக்கு. வெளிநாட்டு டிகிரியானாலும் டிகிரி டிகிரிதான், உனக்கு அது வராது. தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட், அதாவது பாடங்களை அளக்கும் கணக்கு, 46 டாலர். முப்பது யூனிட் என்றாலும் 1,380. புத்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசி, பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் அந்த இருபதாயிரத்தின் பக்கத்தில்கூட வராது.

அந்தத் தனியார் இடத்தில் சேர்ந்தால் அடுத்த மாதமே வகுப்பு, காலேஜ் என்றால் ஆகஸ்ட் வரை காத்திருக்கணுமே என்கிறாய். நியாயமான கேள்விதான். மெடிக்கல் அசிஸ்டென்ட்டின் நடுவாந்தரச் சம்பளம் 2024 கணக்குப்படி நாடு முழுக்க வருடத்துக்கு 44,200 டாலர். மூன்று மாதம் தள்ளிப்போவதால் இழப்பதில், அந்த மூன்று மாதமும் கடையில் நீ வாங்கப்போவதைக் கழித்துப் பார். மூவாயிரம் டாலர்கூடத் தேறாது. அதற்காகப் பத்து வருடத் தவணையா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நீ ஏன் மெடிக்கல் அசிஸ்டென்ட்டோடு நிற்கவேண்டும்? அதே 2024 கணக்கில் ஆபரேஷன் தியேட்டரில் உதவும் சர்ஜிகல் டெக்னாலஜிஸ்ட்டுக்கு 62,830, எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட்டுக்கு 77,660. எக்ஸ்ரேவுக்கு 2015 முதல் அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டமாவது வேண்டும், இரண்டு வருடத்துக்குக் குறையாது, இடம் கிடைக்கவும் காத்திருக்கவேண்டி வரும். ஆனால் உங்கள் ஃப்ரெஸ்னோ சிட்டி காலேஜிலேயே அது இருக்கிறது. இப்போது அங்கே அனாட்டமி, ஃபிசியாலஜி எடுத்துவைத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் உதவும். தனியார் இடத்தில் வாங்கும் யூனிட்டுகளைப் பல காலேஜ்கள் ஏற்பதே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் என்ன எக்ஸ்ரே என்று ஆரம்பிக்காதே, அந்தப் பேச்சே வேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும் இரண்டு விஷயம் விசாரி. கோர்ஸுக்குக் காஹெப் அல்லது ஏபிஹெஸ் என்ற அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா? இல்லாவிட்டால் மெடிக்கல் அசிஸ்டென்ட்டுக்கான சிஎம்ஏ சர்டிஃபிகேட் பரீட்சை எழுதுவது சிரமமாகலாம். இந்த மாநிலத்தில் லைசென்ஸ் தேவையில்லைதான், ஆனாலும் நிறைய கிளினிக்குகள் சர்டிஃபிகேட் கேட்கின்றன. அப்புறம், கிளினிக்கில் செய்யும் பயிற்சிக்கு அவர்களே இடம் பிடித்துத் தருவார்களா? குறைந்தது 160 மணி நேரம், பெரும்பாலும் பகலில்தான், அதற்குச் சம்பளமும் கிடையாது. அந்த வாரங்களில் கடை வருமானம் குறையும், சின்னவளை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவது என்பதையும் இப்போதே உன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசு. கடன் இல்லாவிட்டால் இதையெல்லாம் சமாளிக்கலாம். கடனும் சேர்ந்தால் மூச்சு முட்டும்டி.

அந்தப் படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பி வரும் என்று ஒரு பக்கத்தில் இருக்கும், அதை விட்டுவிடாதே. வியாழன் ராத்திரி வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன், கமலாவையும் லைனில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் அந்த ஆள் போன் பண்ணினால் எடுக்காதே.

உன்,
கோமதி