கண்டல் நட முதல் தண்ணீருக்கு வழி விடுங்கள்

அன்பு மகள்,

நீயும் சிநேகிதப் பிள்ளைகளும் சேர்ந்து மட்டக்களப்பு வாவிக்கரையில் கண்டல் (உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம்) நடக் காசு அனுப்பப் போவதாகச் சொன்னாய். மிக நல்ல காரியம். ஆனால் முழுக்காசையும் கன்றில் போடாதீர்கள்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்தால் வாவிக்குள் வந்து, கண்டல் வேருக்குள்ளும் தண்ணீருக்கடியில் வளரும் சாதாழைப் புல்லுக்குள்ளும் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். கொடுவா மீன் குஞ்சும் சேற்று நண்டும் அங்கேதான் ஒதுங்கும். தண்ணீர் போய்வராத இடத்தில் மரம் நின்றும் மீனுக்குப் பயனில்லை.

இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நட்ட 1000 – 1200 ஹெக்டேயரில் தேறியது 200 – 220 தான். பிழையான மட்டத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காததும் பெரிய காரணங்கள். நம் வாவியில் வற்றுப்பெருக்கு குறைவு. மாரியில் முகத்துவாரம் மூடிக்கிடந்தால் மேற்குப் பக்கப் படுவான்கரை வயல்வெளிகளில் வேளாண்மையும் தாழும், கரையில் நட்ட கன்றும் தாழும். கிழமைக்கணக்கில் இலை மூழ்கினால் கன்று மூச்சடைத்துச் செத்துவிடும்.

கைவிட்ட இறால் பண்ணை கிடைத்தால் அதையே எடுங்கள். வரம்பைத் தாழ்வான இரண்டு மூன்று இடத்தில், பழைய ஓடையின் அடிமட்டம் வரை வெட்டித் திறக்க வேண்டும். தரையைக் கிளறிக் காயவிடக் கூடாது. அந்தச் சேறு காற்றுப்பட்டால் அமிலமாகும். மழையோடு ஓடைக்குள் இறங்கினால் மீன் சாகும். பக்கத்தில் தாய்மரம் நின்றால் விதை தானாக மிதந்து வந்து முளைக்கும். வராத இடத்துக்கு மட்டும் நடுங்கள்: கழுத்து மஞ்சளித்துக் கையோடு கழன்று வரும் முளைக்காய் (மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீள விதை), மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், கூர்நுனி கீழே, ஒரு மீற்றர் இடைவெளி. மாரி வெள்ளம் வடிந்ததும் நட்டால் அடுத்த மாரிக்குள் கொஞ்சம் உயரும். ஆடு மாடு வராமல் வேலி போடாவிட்டால் அத்தனையும் வீண்.

சாதாழைத் தரையிலும் முன்பும் கண்டல் நிற்காத வெறும் சேற்றிலும் நட விடாதே. இறாலுக்கு அதுவும் தீன்மேடைதான்.

காசு அனுப்ப முதல் ஒன்று கேள்: உயிரோடு நிற்கும் கண்டலடியில் கம்பு ஊன்றி, மாரித் தண்ணீரும் கோடைத் தண்ணீரும் எவ்வளவு என்று குறித்தார்களா? நடும் இடமும் அதே மட்டமா? பிரதேச செயலக அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் வாங்கு.

அன்புடன்,
அம்மா