ஓகஸ்ட், செப்டெம்பர் தோட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் அலொட்மென்ட் காணி (வாடகைக்கு விடப்படும் சிறு தோட்டத்துண்டு) எடுத்துப் பயிர் செய்யும் தமிழர்கள் இன்று நிறையப் பேர். தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் தோட்டக் குறிப்புகளோ பெரும்பாலும் பங்குனி, சித்திரையோடு முடிந்துவிடுகின்றன. எப்போது விதைப்பது, எந்தக் கன்றை எங்கே நடுவது, எவ்வளவு எரு போடுவது என்பதெல்லாம் விரிவாக வரும். கன்று வேர் பிடித்த பிறகு பேச்சே இராது. ஆனால் விளைந்தது வீணாவது ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் முடியும் வரையான ஆறு வாரங்களில்தான். பிடுங்க வேண்டிய நாளில் பிடுங்காமல் விடுகிறோம், அல்லது பிடுங்கியதை ஈரத்தோடு கட்டி வைக்கிறோம். வருடம் முழுக்கப் பட்ட பாட்டில் நல்லதொரு பங்கு எருக்குவியலுக்குப் போகிறது. அந்த ஆறு வாரங்களுக்கும் உங்கள் பத்திரிகையில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு, என்னென்ன எழுதலாம் என்பதையும் கீழே தருகிறோம்.

முதலில் கருகல் நோய். இங்கே எல்லோரும் பிளைட் என்பார்கள். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் ஒரே கிருமிதான் தாக்குகிறது. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல், இரண்டு நாளும் குறைந்தது 6 மணி நேரம் காற்றில் ஈரப்பதம் 90 வீதமோ கூடவோ இருந்தால் நோய் பரவும் நிலை வந்துவிட்டது. ஹட்டன் அளவுகோல் என்று இதற்குப் பெயர். ஓகஸ்டில் இரண்டு நாள் புழுக்கமும் தூறலும் சேர்ந்தால் கருவி இல்லாமலே ஊகித்துவிடலாம். அந்த நாட்களில் காலையிலேயே போய் இலைகளைப் பாருங்கள். நுனியிலோ ஓரத்திலோ நீர் ஊறினாற்போல் மங்கலான பழுப்புத் திட்டு தெரியும். அந்த இலையைத் திருப்பினால், பனி காயுமுன், திட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம் இருக்கும். தக்காளியில் தண்டும் கரும்பழுப்பாகும், காயில் தோல்போல இறுகிய பழுப்புப் பகுதி வரும். வீட்டுத் தோட்டக்காரர் வாங்கித் தெளிக்கக்கூடிய மருந்து இந்த நோய்க்குக் கிடையாது. கைவேலை ஒன்றுதான் வழி.

இலை மஞ்சளானதெல்லாம் பிளைட் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தக்காளியின் கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சளித்தால் அது மக்னீசியக் குறைவு. சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய தக்காளி உரத்தைத் தொடர்ந்து ஊற்றும்போது இது வரும். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 20 கிராம் எப்சம் உப்புக் கரைத்து, வெயில் இல்லாத வேளையில் இலைமேல் தெளித்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தெளித்தால் போதும். இதைப் பிளைட் என்று நினைத்து நல்ல செடியைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. காயின் அடி கறுத்துக் குழிவதும் நோயல்ல. ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் காயின் அடிவரை கல்சியம் போய்ச் சேராது. மண்ணில் கல்சியம் இருந்தும் இப்படித்தான் ஆகும். சுண்ணாம்பு போடுவதால் சரிவராது, ஒழுங்காகத் தண்ணீர் விடுவதால்தான் சரிவரும்.

உருளைக்கிழங்கில் பிளைட் கண்டால் கிழங்கை உடனே கிண்டக் கூடாது. இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். கொடியை நிலமட்டத்தோடு வெட்டி, ஒரு இலை விடாமல் அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மண்மேல் விழுந்த நோய் வித்திகள் (நோயைப் பரப்பும் நுண்துகள்கள்) அதற்குள் செத்துவிடும். கிழங்கின் தோலும் முற்றி இறுகும். வெட்டிய அன்றே கிண்டினால் அந்த வித்திகளைக் கிழங்கில் நாமே பூசிவிடுகிறோம், பிறகு அது சாக்குக்குள் அழுகும். நோயில்லாத தோட்டத்திலும், சேமிக்கப் போகும் பிந்திய இனங்களுக்கு இதே முறைதான்: கொடி மஞ்சளித்ததும் வெட்டிவிட்டுப் பத்துப் பதினான்கு நாள் பொறுங்கள். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் உரிந்தால் இன்னும் முற்றவில்லை.

கிண்டுவதற்கு மழையில்லாத நாள் வேண்டும். முள்ளுமண்வெட்டியைச் செடியின் அடியில் குத்தாமல் மேட்டின் ஓரத்தில் இறக்கிக் கிளப்பினால் கிழங்கு குத்துப்படாது. மண்மேல் இரண்டு மூன்று மணி நேரம் காய்ந்தால் போதும். கூடினால் வெளிச்சம் பட்டுப் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு சேரும், அவித்தாலும் அது போகாது. குத்துப்பட்டதையும் நத்தை துளைத்ததையும் புறம்பாக்கி முதலில் சமையுங்கள். மிச்சத்தைச் சணல் சாக்கிலோ தடித்த கடதாசிப் பையிலோ போட்டு, 5 முதல் 10 பாகை உள்ள இருட்டான இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்து ஒரு கிழங்கு அழுகினால் பையே போய்விடும். இடைக்கிடை சாக்கைத் திறந்து மணந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும். மண்ணுக்குள் தப்பிய சின்னக் கிழங்குகளையும் பொறுக்கிவிட வேண்டும். அடுத்த வருடம் பிளைட் முதலில் தொற்றுவது அவை முளைத்த செடிகளிலிருந்தாக இருக்கலாம்.

வெளியில் நிற்கும் தக்காளிக்கு ஓகஸ்ட் முதல் வாரத்திலேயே நுனி கிள்ள வேண்டும். நாலு குலை பிடித்ததும், மேல் குலைக்கு மேலே இரண்டு இலை விட்டுக் கிள்ளினால் இருக்கும் காய் பருக்கும். அதற்குமேல் பிடிக்கும் பிஞ்சு இந்த நாட்டு வெயிலில் பழுக்காது. பிளைட் வந்துவிட்டால் கறை இல்லாத காய்களையெல்லாம் அன்றே பறித்து, ஒன்றோடொன்று முட்டாமல் கடதாசியில் பரப்பி, தினமும் பாருங்கள். வெளியே தெரியாத தொற்று சில நாள் கழித்துத் தலைகாட்டும். பச்சைக்காய் பழுக்க வெயில் தேவையில்லை, 18 முதல் 21 பாகை வெப்பம் போதும். பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அதிலிருந்து வரும் எதிலீன் வாயு வேகமாகப் பழுக்க வைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பச்சைக்காய் பழுக்காது.

றன்னர் போஞ்சிக்கு வேறு கணக்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்தில், உள்ளே விதை புடைக்குமுன் எடுத்தால் காய் டக்கென்று ஒடியும். வளைத்து நார் இழுபட்டால் பிந்திவிட்டது என்று அர்த்தம். விதை முற்றத் தொடங்கினால் செடி தன் வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துவிடும். ஆகவே முற்றின காயையும் கொடியில் விடாமல் பறித்து எறியுங்கள். விடுமுறைக்குப் போகிறவர்கள் பக்கத்துக் காணிக்காரரிடம் பறித்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவது அவருக்கும் நல்லது, கொடிக்கும் நல்லது. பூ கொட்டினால் வேரடி காய்ந்திருக்கிறது, அல்லது இரவு வெப்பம் கூடியிருக்கிறது. பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதில் பயனில்லை. பூக்கும் காலத்தில் சதுர மீற்றருக்கு 5 முதல் 9 லீட்டர் வரை, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை வேரடியில் விடுங்கள். முற்றிய விதையைச் சமைப்பதானால் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு மெதுவாக அவிக்க வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

கூர்ஜெட்டை (சுக்கினி என்றும் சொல்வார்கள்) 10 முதல் 15 சென்ரிமீற்றரில் வெட்டுங்கள். கைநீளத்துக்கு வளரவிட்டுக் காட்டுவதில் பெருமை இருக்கலாம், கறியில் ருசி இல்லை. செடியும் புதுக்காய் விடாது. இங்கே ஒரு எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடும்படி கேட்கிறோம். கூர்ஜெட், பூசணி, சுரைக்காய் ஆகியவற்றின் விதையைச் சொந்தத் தோட்டத்திலிருந்து எடுத்து வைப்பவர்கள் நம்மவரிடையே பலர். பக்கத்துக் காணியில் அழகுக்கு வளர்த்த சுரையினத்தோடு கூர்ஜெட்டும் பூசணியும் கலந்தால் அடுத்த வருடக் காயில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு வரக்கூடும். பாகற்காயின் கசப்புக்குப் பழகிய நாக்கு இதைப் பொருட்படுத்தாமல் விழுங்கிவிடும், அதுதான் ஆபத்து. சமைக்குமுன் ஒரு சின்னத் துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். அவித்தாலும் அந்த நஞ்சு அழியாது.

வெங்காயத் தாளை மடித்துவிடும் பழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும். தாள் தானாகச் சாயட்டும். கையால் முறித்தால் கழுத்தில் காயம் பட்டு, அந்த வழியாகக் கழுத்தழுகல் உள்ளே போகும். சாய்ந்த பிறகு தண்ணீர் விடக்கூடாது. முள்ளுமண்வெட்டியால் மெல்லக் கிளப்பி, காற்றோட்டமான இடத்தில், மழை படாமல், இரண்டு மூன்று வாரம் உலரவிடுங்கள். கழுத்து மெலிந்து கடதாசிபோலச் சரசரத்தால்தான் கட்டித் தொங்கவிடலாம். கழுத்துத் தடித்தவற்றை முதலில் சமைத்துவிடுங்கள். அடியில் வெள்ளைப் பூஞ்சணமும் அதில் கசகசா அளவு கறுப்பு மணிகளும் கண்டால் அது வெள்ளை அழுகல். அந்த மணிகள் மண்ணில் பதினைந்து இருபது வருடம் உயிரோடு கிடக்கும். அந்தப் பாத்தியில் வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எதுவும் வேண்டாம். அந்த மண் ஒட்டிய சப்பாத்தோடும் மண்வெட்டியோடும் மற்றப் பாத்திக்குப் போகவும் வேண்டாம்.

பூசணியை முதல் உறைபனிக்கு முன் வெட்டிவிட வேண்டும். காம்போடு கொடித்துண்டும் இரு பக்கமும் கொஞ்சம் ஒட்டியிருக்க வெட்டி, காம்பில் பிடிக்காமல் காயின் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். காம்பு முறிந்த காய் நிலைக்காது. பத்து நாளளவு வெயிலிலோ கிறீன்ஹவுஸிலோ வைத்தால் தோல் கெட்டியாகும், பிறகு 10 முதல் 15 பாகையில் மாதக்கணக்கில் இருக்கும்.

கிறீன்ஹவுஸில் நம் ஊர்க் காய்கள் வளர்ப்பவர்களுக்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் கிடைக்கும் உதவி குறைவு, அதனால் இதைத் தமிழில்தான் எழுத வேண்டும். கத்தரிக்குச் செடிக்கு ஐந்தாறு காய் போதும், மிச்சப் பூவைக் கிள்ளிவிடுங்கள். தோல் மினுங்கும்போதே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மினுக்கம் மங்கினால் விதை முற்றிக் கசக்கும். பாகற்பூ காலையில் விரியும், புடலம்பூ இருட்டிய பிறகு விரியும். மூடிய கண்ணாடிக்குள் தேனீயோ அந்துப்பூச்சியோ வராததால், பின்புறம் குட்டிக்காய் உள்ள பெண்பூவில் ஆண்பூவின் மகரந்தத்தை நாமே தொட்டுவிட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதை கூரை முட்டப் படர்ந்தும் ஓகஸ்டில் பூக்கவில்லையா? உரம் போடாதீர்கள். பகல் குறுகினால்தான் பூக்கும் இனங்கள் அவை. பூ வரும்போது குளிரும் வந்துவிடும். பகல்நீளம் பார்க்காமல் பூக்கும் இனம் என்று கேட்டு விதை வாங்குவதுதான் வழி. முளைக்கீரை, தண்டுக்கீரை போன்ற நம் ஊர்க் கீரையோ இதற்கு நேர்மாறாக, பகல் குறுகியதும் கதிர் தள்ளிவிடும். ஓகஸ்டில் நுனியை விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள்.

வெறுமையான பாத்தியை மழைக்கு விட்டுவிடக் கூடாது. ஓகஸ்டில் விதைக்கும் கொத்தமல்லி, யூனில் விதைத்ததுபோல அவசரமாகப் பூக்காது. வெந்தயக்கீரைக்குச் செப்டெம்பர் தொடக்கம் வரை நேரமுண்டு. வசந்தகாலக் கோவாக் கன்றுகளைச் செப்டெம்பரில் நட்டு, அன்றே வலை போடுங்கள். குளிர்தாங்கும் வெங்காயக் குமிழ்களுக்குச் செப்டெம்பர், ஒக்டோபர். ஒன்றும் நடாத இடத்தில் பசளைப் பயிராகக் கடுகு தூவுபவர்கள், அது கோவா குடும்பம் என்பதை மறக்கக் கூடாது. வேர்முண்டு நோய் உள்ள மண்ணில் அது நோயை வளர்க்கும். அங்கே பசேலியா என்ற பூச்செடி அல்லது றை தானியம் தூவலாம். றையை மடித்துப் புதைத்த பிறகு நாலு வாரமாவது பொறுத்துத்தான் கரட் போன்ற சிறு விதைகளைப் போட வேண்டும்.

இந்தக் குறிப்புகள் ஓகஸ்ட் முதல் வாரத்திலிருந்து வாராவாரம் வரவேண்டும், பிளைட்டும் போஞ்சியும் முதல் இரண்டு வாரங்களில். உங்கள் வாசகர்களில் பலர் பரம்பரையாகத் தோட்டம் செய்தவர்கள், மண்ணும் பயிரும் அவர்களுக்குத் தெரியும். இந்த நாட்டின் குளிரும் பகல் நீளமும் அறுவடையை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் அவர்களுக்கு எழுத்தில் தேவைப்படுகிறது. எழுதித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அலொட்மென்ட் தோட்டக்காரர்கள் சிலர்