இணையம் போனாலும் விளக்கு அணைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளக்கு, மின்விசிறி, கதவு எல்லாவற்றையும் பேச்சாலோ கைபேசியாலோ இயக்கும் ஸ்மார்ட் வீடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுந்து போய் சுவிட்ச் போட சோம்பல்படுகிறவர்களுக்கான சொகுசு என்ற தொனி அதில் இருந்தது. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு, தோளுக்குக் கீழே அசைவில்லாமல் வாழ்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

நடுராத்திரியில் குளிரும். மின்விசிறியை நிறுத்தணும். பக்கத்து அறையில் தூங்கும் அக்காவைக் கூப்பிடலாமா, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தே பாதி இரவு போய்விடும். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே கூப்பிட மனம் வராது. இப்போது குரல் கேட்டு இயங்கும் கருவியிடம் நானே சொல்கிறேன், மின்விசிறி நிற்கிறது. அக்கா தூங்குகிறாள். வாசலில் நிற்பது யார் என்று திரையில் பார்த்துக் கதவைத் திறப்பதும் நான்தான்.

இது புதிதும் இல்லை. குழாயில் ஊதியும் உறிஞ்சியும் விளக்கு, தொலைபேசி, தட்டச்சு எல்லாவற்றையும் இயக்கும் 'போஸம்' கருவி இங்கிலாந்தில் 1960களிலேயே வந்துவிட்டது. கை கால் அசையாதவர்களுக்காகவே செய்த கருவி அது.

ஆனால் ஒரு ராத்திரி இணையம் போனது. தலைக்கு நேர் மேலே விளக்கு. பத்து தடவை சொன்னேன், அணையவில்லை. கண்ணை மூடினாலும் வெளிச்சம். நான் சொல்வது இணையம் வழியே எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்கு, அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பினால்தான் என் அறை விளக்கு அணையும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் கிளவுட், அதாவது இணையம் வழியே சேவை தரும் அதன் சர்வர்கள், முடங்கியபோது அலெக்சா என்ற அதன் குரல் உதவியாளரும் ரிங் என்ற வீட்டுக் காவல் கேமராக்களும் பல மணி நேரம் தடுமாறின. வீட்டுக்குள்ளேயே கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழிசெய்யும் 'மேட்டர்' தரநிலை 2022-இல் வந்தது. அதையாவது பார்த்து வாங்குங்கள் என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அப்புறம், குரல். பெருமூளை வாதம் உள்ள என் நண்பர் பேசுவது எனக்கு நன்றாகவே புரியும். கருவிக்குப் புரிவதில்லை. கடைசியில் கன்னத்தருகே பொருத்திய ஒரு பெரிய பொத்தான்தான் அவருக்குக் கைகொடுத்தது. கன்னத்தைச் சாய்த்தால் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

இனி இப்படி ஒரு கருவியை உங்கள் இதழில் விமர்சிக்கும்போது, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். குரல் இல்லாதவர் அதை எப்படி இயக்குவார் என்றும் இரண்டு வரி எழுதுங்கள். எங்களில் ஒருவரிடமே கொடுத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்