மானிட்டர் வாங்கும் முன் ஒரு வார்த்தை

அன்பு மகளுக்கு,

உன் கழுத்து வலியைப் பற்றி அம்மா சொன்னாள். நாள் முழுவதும் 14 அங்குல மடிக்கணினிக்குள் குனிந்தபடி மொழிபெயர்ப்புகளைத் திருத்தினால் கழுத்து என்னதான் செய்யும்? தனி மானிட்டர் வாங்க நீ முடிவெடுத்தது நல்லது. ஆனால் தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதற்காக 27 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரை வாங்கிவிடாதே.

ஃபுல் எச்.டி. என்றால் படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள் (பிக்சல்) அகலத்தில் 1920, உயரத்தில் 1080. திரை 24 அங்குலமானாலும் 27 ஆனாலும் இந்த எண்ணிக்கை மாறாது. 24 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளிகள் இருக்கும். 27 அங்குலத்தில் 82தான். உன் மடிக்கணினியில் அதே 1920 புள்ளிகள் சின்னத் திரைக்குள் அடங்குவதால் 157 வருகிறது. அந்த நெருக்கத்துக்குப் பழகிய கண்ணுக்கு 82 புள்ளியின் பிசிறு உடனே உறுத்தும்.

அச்சகத்தில் நான் பக்கம் வடிவமைத்த நாட்களில், பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘ன’வா ‘ன்’னா என்று தெரியாமல் மெய்ப்புத் தாளை எடுத்துப் பார்ப்போம். பிழை திருத்துவதே தொழிலாகக் கொண்ட உனக்கு எழுத்தின் கூர்மைதான் முதல் தேவை. 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560 x 1440 புள்ளிகள் உள்ளதை வாங்கு. அங்குலத்துக்கு 109 கிடைக்கும். விலை கைக்கு எட்டவில்லையென்றால் 24 அங்குல ஃபுல் எச்.டி. போதும். இரண்டிலும் ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையாகப் பார், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளிறாது. கணினி விளையாட்டுக்காரர்களுக்கான 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படம் புதுப்பிக்கும் வேகம்), வளைந்த திரை இவற்றுக்கெல்லாம் நீ பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, உன் மடிக்கணினியின் பக்கவாட்டைப் பார். யு.எஸ்.பி.-சி துளை இருப்பதாலேயே அதன் வழியாகப் படம் வந்துவிடாது. சிலவற்றில் சார்ஜும் கோப்பும் மட்டுமே போகும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில், யு.எஸ்.பி.-சி வழியே படம் அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் வசதி உண்டு என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துக்கொள். அது இருந்து, மானிட்டரும் யு.எஸ்.பி.-சி வழியே 65 வாட் தருவதாக இருந்தால், ஒரே கேபிளில் படமும் சார்ஜும் முடிந்துவிடும். உன் சிறிய மேஜைக்கு அது பெரிய உதவி. இல்லாவிட்டால் எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும்.

கழுத்துக்காகத்தானே வாங்குகிறாய்? அப்படியானால் தாங்கியைக் கவனி. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் திரையை முன்னும் பின்னும் சாய்க்கத்தான் முடியும், உயர்த்த முடியாது. திரையின் மேல் விளிம்பு உன் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். தூரம் ஒரு கை நீளம். உயர்த்த முடியாத தாங்கி அமைந்துவிட்டால் அடியில் தடித்த அகராதி இரண்டை வை. மானிட்டரை நேர் எதிரே வைத்து, மடிக்கணினியைப் பக்கத்தில் ஒதுக்கிவிடு. ஜன்னல், மானிட்டருக்குப் பின்னாலோ உன் முதுகுக்குப் பின்னாலோ வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

பெங்களூரில் இருந்துகொண்டு இணையத்திலேயே வாங்குவானேன்? ஒரு சனிக்கிழமை, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பக்கம் போய் வா. மடிக்கணினியையும் எடுத்துச் செல். கடைக்காரர்கள் ஓடவிடும் பளபளப்பான வீடியோவில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். நீ திருத்திக்கொண்டிருக்கும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, கை நீளத்தில் நின்று ஒரு பத்தியை முழுதாகப் படி. திரை முழுவதும் வெள்ளை, பிறகு கறுப்பு போட்டு, நிறம் மாறாமல் நிற்கும் செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா பார். எத்தனை புள்ளி செத்திருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடு. அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வை.

1440 புள்ளித் திரைக்குக் குறைகிற தொகையை நான் அனுப்பிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. மேஜையின் ஆழம் எத்தனை அங்குலம் என்று மட்டும் அளந்து எழுது. இரண்டடிக்குக் குறைவாக இருந்தால் 27 அங்குலத்தை மறந்துவிட்டு 24 அங்குலத்தையே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா