அவை வாய்க்கு வந்த பெயர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் போக்கிமான் என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதியவர், அதில் வரும் கற்பனைப் பிராணிகளுக்கு 'வாய்க்கு வந்ததையெல்லாம் பெயராக வைத்திருக்கிறார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. ஜப்பானில் மின்பொறி பளிச்சிடுவதற்கு 'பிகா' என்பார்கள். எலி கீச்சிடுவது 'சூ'. இரண்டும் சேர்ந்ததுதான் மின்சாரம் பாய்ச்சும் மஞ்சள் எலியான பிகாசூ. 'பிகாபிகா' என்றால் நம் 'பளபள'. இருபத்தாறு வருடம் தமிழ் கற்பித்தவள் நான். இரட்டைக்கிளவியை எத்தனை முறை விளக்கியும் விழித்த பிள்ளைகள், இந்த மஞ்சள் எலியைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். என் மகன் ஒரு நோட்டு முழுக்க இந்தப் பெயர்களைப் பிரித்துப் பொருள் எழுதி வைத்திருந்தான். அவன் பள்ளியில் அதைக் குப்பை என்று சொல்லிக் கிழித்தார்கள். இப்போது நீங்களும் அதையே சொல்லலாமா?

அடுத்து, ஆங்கிலப் பெயர்களை மூலப்பெயர்கள் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 1996இல் ஜப்பானில் விளையாட்டு வெளிவந்தபோது, ஆங்கிலத்தில் பல்பசார் எனப்படும் பிராணிக்கு அங்கே பெயர் 'ஃபுஷிகிதானே'. 'அதிசயமா இருக்கே!' என்றும் கேட்கும், உள்ளே விதையைக் குறிக்கும் சொல்லும் ஒளிந்திருக்கும். முதுகில் விதையோடு திரிகிற பிராணிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைப்பார்கள்? பிரெஞ்சில் 'பல்பிசார்' என்று கிழங்கையும் விசித்திரத்தையும் சேர்த்தார்கள். உதைத்துச் சண்டையிடும் ஹிட்மான்லீ என்ற பிராணியின் ஆங்கிலப் பெயரில் புரூஸ் லீ இருக்கிறார். ஜப்பானியப் பெயரிலோ சவாமுரா என்ற கிக்பாக்ஸிங் வீரர். ஆர்பாக் பாம்பின் பெயரை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் கோப்ரா. ஒவ்வொரு ஊர்ப் பிள்ளைக்கும் புரிய வேண்டுமென்று உட்கார்ந்து யோசித்த வேலை இது.

சென்ற ஆண்டு கோடை மலரில் இதே விளையாட்டைச் சீன விளையாட்டு என்று எழுதினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. அதற்கு முன் ஊர்ப்பெயர்க் காரணம் பகுதியை இடமில்லை என்று நிறுத்தினீர்கள். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். பெயருக்குப் பொருள் தேடுகிற பழக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டால், அப்புறம் எந்த இலக்கணத்தை வைத்து அவர்களுக்குச் சொல் கற்றுக்கொடுப்பது?

ஒரே கட்டுரையில் பிகாசு, பிக்காச்சு, பிகாசூ என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் போட்டு, பெயரை ஒரே மாதிரி அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
கும்பகோணம்